குழந்தையின் மறுப்பு: பாற்போத்தலின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தேன் 1580 இல் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்று, தந்தையர் தம் மக்கள்மீது கொள்ளும் பாசத்தைப் பற்றியது. அதிலே அவர் தம் ஊர்ப்புறத்து வழக்கமொன்றை இடையிற் குறித்துச் செல்கிறார். அங்குள்ள குடியானவப் பெண்கள் தமக்குப் பால் போதாதவிடத்து ஆடுகளைத் துணைக்கு அழைப்பர். ஆடுகளும் நாளடைவிற் குழந்தையின் அழுகுரலை அடையாளங்கண்டு ஓடிவந்து பாலூட்டும். இவ்வாறு வளர்ந்த குழந்தையொன்றின் ஆடு அயலவரிடம் இரவல் வாங்கப்பட்டது. உரியவர் அதனை மீட்டுக்கொண்டதும் வேறோர் ஆடு கொண்டுவரப்பட்டது. குழந்தை அதனை ஏற்கவில்லை. பசியாலேயே அக்குழந்தை இறந்திருக்கவேண்டும் என்கிறார் மொந்தேன்.

மொந்தேன் இச்செய்தியைக் கூறியது, பாசம் என்பது இரத்த உறவினால் மாத்திரம் விளைவதன்று, பழக்கத்தினாலும் விளைவது என்பதை நிறுவுவதற்காகவே. ஆனால் சமூக வரலாற்று மாணவனுக்கு இது வேறொரு வகையிற் பயன்படுகிறது. பழகிய முலையை விட்டு வேறொன்றை ஏற்க மறுத்த குழந்தையைப் பற்றி எழுத்திற் பதிவான பழைய சான்றுகளுள் இது ஒன்று. தாய்ப்பால் உண்டு பழகிய குழந்தைக்குப் போத்தலைப் பழக்க முயன்று, மூன்று நான்கு நாட்கள் உறக்கமின்றித் தவித்த எந்தத் தாயும் இச்செய்தியை உடனே விளங்கிக்கொள்வாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘சூப்பிப் போத்தல்’ என வழங்கும் பொருளைக் கண்டதுமே முகத்தைத் திருப்பி, நாவினால் சூப்பியை வெளியே தள்ளி, உடலை வில்போல் வளைத்து அழும் குழந்தை அத்தாய்க்குப் புதியதன்று.

பாற்போத்தலின் வரலாறு வழக்கமாகப் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மட்பாண்டம், கொம்பு, வெள்ளீயம், கண்ணாடி, இறப்பர் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டி, மனித அறிவின் வளர்ச்சிக்கு அதனை ஓர் உதாரணமாக்குவது அருங்காட்சியகப் பட்டியல்களின் மரபு. அந்த மரபு இரண்டு வினாக்களைக் கேட்பதில்லை. தாயிடம் பால் இருக்கவும் குழந்தை ஏன் போத்தலுக்குப் பழகவேண்டி வந்தது? அப்பழக்கம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஏற்பட்டது? இவ்விரு வினாக்களையும் முன்வைத்துச் சில குறிப்புகளைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைக்குழந்தைகள் ஆவணங்களை விட்டுச் செல்வதில்லை. அவர்களுடைய மறுப்பை நாம் அறிவது மருத்துவர், சட்டமியற்றுவோர், வணிகர் ஆகியோரின் எழுத்துக்களின் ஊடாகவே என்பதையும் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

2

தாயின் முலையன்றி வேறொரு கலத்தினாற் குழந்தைக்குப் பாலூட்டுவது கைத்தொழிற் புரட்சியோடு தோன்றியதன்று. தென் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலே குழந்தைகளின் புதைகுழிகளில் மூக்குடைய சிறு மட்கலங்கள் கிடைத்துள்ளன. அவை கி.மு. 1200க்கும் 450க்கும் இடைப்பட்டவை. அவற்றுள் மூன்றினை இரசாயன ஆய்வுக்கு உட்படுத்தியோர், அசைபோடும் விலங்குகளின் பாற்கொழுப்பு எச்சங்கள் அவற்றில் உள்ளமையை 2019 இல் வெளியிட்டனர். நம்மவரிடையே சங்கும், ‘பாலடை’ அல்லது ‘பாலாடை’ எனப்படும் மூக்குக் கிண்ணமும் இப்பணியைச் செய்து வந்தன. அகராதிகளிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஆயின் சங்கினால் ஊட்டப்படும் குழந்தை உறிஞ்சுவதில்லை. வாயிற் சொட்டும் பாலை நக்கியும் விழுங்கியும் உட்கொள்கிறது. எனவே சங்கு முலைக்குப் போட்டியாக அமைவதில்லை. போத்தல் அவ்வாறன்று. அது முலையைப் போலச் செய்ய முற்படும் ஒரு கருவி; குழந்தையின் மறுப்புக்குக் காரணமும் அதுவே எனலாம்.

உடலியல் நோக்கிற் சிறிது விளக்கம் வேண்டும். முலையுண்ணும் குழந்தை முலைக்காம்பை மாத்திரமன்றிச் சுற்றியுள்ள பகுதியையும் வாயினுள் ஆழமாக வாங்கி, தாடையையும் நாவையும் அலைபோல இயக்கிப் பாலைப் பெறுகிறது. பால் சுரந்து பாயச் சிறிது நேரம் செல்லும். பாய்ச்சல் கூடியும் குறைந்தும் வரும். போத்தலின் சூப்பியோ விறைப்பானது, குறுகியது. அதனுள் இருந்து பால் உடனடியாகவும் ஒரே சீராகவும் வருகிறது. வாசனையும் வேறு. பிறந்த சில வாரங்களில் உறிஞ்சுதல் ஓர் அனிச்சைச் செயல். வாயிற் பட்ட எதனையும் குழந்தை உறிஞ்சும். ஏறத்தாழ மூன்று, நான்கு மாதமளவில் அது விருப்பத்தின் வழிப்பட்ட செயலாக மாறத் தொடங்குகிறது. இவ்வயதிலே முதன்முறையாகப் போத்தலைக் காணும் குழந்தை, தான் அறிந்ததை அறியாததினின்றும் பிரித்துணர்ந்து மறுக்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. இவ்வயதெல்லை பின்னர் நாம் நோக்கவிருக்கும் சட்டங்களோடு தொடர்புடையது.

இம்மறுப்பை ஒரு பொறியியற் பிரச்சினையாகக் கண்டவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியூ சிமித். இவர் 1777 இல் விவரித்த பாற்குவளை சிறியதொரு கோப்பிப் பாத்திரத்தை ஒத்தது. அதன் மூக்கு நுனியில் இதய வடிவிலான ஒரு சிறு குமிழும், அதில் மூன்று நான்கு நுண்துளைகளும் இருந்தன. அதன்மேல் மெல்லிய துணி தளர்வாகக் கட்டப்பட்டது. அத்துணியே காம்பின் இடத்தைப் பெற்றது. குழந்தை ஒவ்வொரு துளிக்கும் முலையிற் போலவே உழைக்கவேண்டியிருப்பதால் அது திருப்தியடைகிறது என்பது சிமித்தின் வாதம். இன்றைய மருத்துவிச்சிகள் மெதுவாகப் பாயும் சூப்பியைத் தெரிவு செய்யுமாறும், போத்தலைக் கிடையாகப் பிடித்து இடையிடையே நிறுத்தி ஊட்டுமாறும் கூறும் ஆலோசனையின் அடிப்படையும் இதுவே. கருத்துச் சரியானதாயினும் கலம் கேடானது. மூக்கின் உட்புறத்தைத் துலக்க வழியில்லை. துணியில் பால் புளித்தது. நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் முற்பட்ட காலம் அது.

முலைக்காம்பைப் போலச் செய்வதற்குக் கையாளப்பட்ட பொருட்களின் பட்டியல் வியப்பூட்டுவது: பதப்படுத்திய தோல், கடற்பஞ்சு, மென்மையாக்கப்பட்ட தந்தம், தக்கை, இவற்றோடு சாராயத்தில் ஊறவைத்த பசுவின் காம்பு. இறுதியிற் கூறிய பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூறு வரை மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. 1861 இல் நூல் வடிவில் வெளிவந்து ஆங்கில நடுத்தர வர்க்க இல்லங்களிற் பெருவழக்குப் பெற்ற பீற்றன் அம்மையாரின் இல்லற மேலாண்மை நூல், போத்தலிற் கட்டிய காம்பைப் புதியது மாற்றும்வரை கழற்றவேண்டியதில்லை எனவும், ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினாற் போதும் எனவும் அறிவுரை வழங்கியது. அவ்வம்மையாரின் முதலிரு ஆண்மக்களும் சிறு வயதிலேயே இறந்தனர். தாமும் 1865 இல், தமது இருபத்தெட்டாம் வயதில், பிரசவத்தையடுத்துக் காலமானார். அறியாமை வறியோருக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

3

செல்வர் வீட்டுக் குழந்தைக்கு நெடுங்காலமாகப் போத்தல் தேவைப்படவில்லை. அதற்குக் கூலிக்கு வாங்கிய முலை இருந்தது. நமது மரபு வழங்கும் ஐவகைத் தாயருள் ‘முலைத்தாய்’ ஒருத்தி. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், இத்தொழில் ஒரு பெருஞ்சந்தையாகவே வளர்ந்தது. பாரிஸ் நகரக் காவற்றுறைத் தலைவராக இருந்த லெனுவார் 1780 இல் தந்த மதிப்பீட்டின்படி, அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளே தம் சொந்தத் தாயரிடம் பாலுண்டன; மற்றும் ஓராயிரம் குழந்தைகளுக்கு வீட்டிலேயே முலைத்தாயர் அமர்த்தப்பட்டனர்; எஞ்சியோர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். இத்தொகைகளைத் துல்லியமான கணக்கெனக் கொள்ளாது, ஓர் அதிகாரியின் மதிப்பீடாகவே கொள்ளல் வேண்டும். ஆயினும் நிலைமையின் போக்கை அவை காட்டுகின்றன. அனுப்பியோர் யாவரும் சீமாட்டிகளல்லர் என்பது முக்கியமானது. கணவனோடு கடையிலும் பட்டறையிலும் உழைத்த கைவினைஞர் வீட்டுப் பெண்களே அவர்களுட் பெருந்தொகையினர். குழந்தையை வைத்துப் பாலூட்டினால் அவர்களது வருவாய் குன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சின் மோர்வான் மலைப்பகுதிப் பெண்கள் பாரிஸ் நகரச் செல்வர் வீடுகளில் முலைத்தாயராகப் பணிபுரிவதற்குப் பெயர்பெற்றிருந்தனர். நல்ல உணவு, நல்ல உடை, தம் ஊரிற் காணக்கிடையாத ஊதியம் ஆகியன அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் பாரிஸ் சென்ற தாயின் குழந்தைக்கு என்ன நேர்ந்தது? அது ஊரிலேயே பாட்டியிடமோ அயலவளிடமோ விடப்பட்டது. விலங்குப் பாலும் மாக்கஞ்சியும் கலத்தினால் அதற்கு ஊட்டப்பட்டன. செல்வர் குழந்தைக்கு முலை, முலைத்தாயின் குழந்தைக்குக் கலம். போத்தலின் வரலாற்றிலே வர்க்கம் இவ்வளவு நேரடியாக வெளிப்படும் இடம் பிறிதொன்றில்லை என்பது என் கருத்து. கூலிக்கு வளர்க்கப்படும் குழந்தைகளை மருத்துவக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்து 1874 டிசம்பரில் நிறைவேறிய ரூசெல் சட்டம், முலைத்தாயாகச் செல்லும் பெண்ணின் சொந்தக் குழந்தையையும் கருத்திற்கொண்டது. பிரசியாவிடம் தோற்ற பிரான்சுக்குக் குடித்தொகை பற்றி எழுந்த அச்சமும் அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது.

கலத்தினால் ஊட்டுவது எங்கும் கூலியுழைப்பின் விளைவே எனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். பவேரியாவின் சில பகுதிகளிலும் ஐஸ்லாந்திலும் பாலூட்டாமை தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமாக இருந்தது. அங்கெல்லாம் சிசு மரணம் மிக உயர்ந்திருந்தது. அவ்விடங்களிற் குழந்தை போத்தலை மறுத்த சிக்கலே எழவில்லை. ஏனெனில் அது முலையை அறிந்ததேயில்லை. பழக்கத்தை மாற்றவேண்டிய அவசியம், முதலில் முலையளித்துப் பின்னர் அதனை விலக்கவேண்டிய தாய்க்கே ஏற்படுகிறது. அத்தகைய தாயரைப் பெருந்தொகையாக உருவாக்கியது கைத்தொழில் முதலாளித்துவமாகும்.

4

இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பருத்தி ஆலைகளிற் பணிபுரிந்த பெண்களின் குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகள் 1860களிற் பல வெளிவந்தன. அவற்றைக் கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற்றொகுதியின் இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்தில் எடுத்தாண்டுள்ளார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒவ்வோர் இலட்சத்துக்கும் ஆண்டொன்றுக்கு மான்செஸ்டரில் 26,125 குழந்தைகளும், விஸ்பீச்சில் 26,001 குழந்தைகளும் இறந்தனர் என்ற தொகைகளை அங்குக் காணலாம். நல்ல நிலையிலிருந்த பதினாறு பதிவு மாவட்டங்களில் இத்தொகை சராசரி ஒன்பதாயிரத்தையொட்டியே இருந்தது. மான்செஸ்டர் ஆலை நகரம். விஸ்பீச்சோ வேளாண்மைப் பிரதேசம். இரண்டும் ஒரே அளவினவாக இருந்தமை ஆராய்ந்தோரை வியப்பிலாழ்த்தியது. விஸ்பீச்சுப் பகுதியிற் சதுப்பு நிலங்கள் வயலாக்கப்பட்டு, பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கங்காணியின் கீழ்த் தொலைதூர வயல்களுக்குக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டமையே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. எனவே குழந்தையைக் கொன்றது இயந்திரமன்று. தாயும் சேயும் பகல் முழுவதும் பிரிந்திருக்கவேண்டிய உழைப்பு முறையே. தேயிலை மலைகளை அறிந்த நமக்குக் கூட்டமும் கங்காணியும் புதியனவல்ல.

இதே அதிகாரத்தின் அடிக்குறிப்பொன்று, போத்தலின் வரலாற்றை ஆராய்வோர் யாவரும் படிக்கவேண்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர் பட்டினியில் வாடிய காலத்தில், அவர்களது உடல்நிலையை ஆராய அரசாங்கம் மருத்துவர் எட்வேட் சிமித்தை அனுப்பியது. நெருக்கடியினால் விளைந்த நன்மைகளும் உள என அவர் அறிவித்தார். அவற்றுள் ஒன்று, வேலையற்ற தாயருக்குத் தம் குழந்தைக்கு முலைகொடுக்க நேரம் கிடைத்தமை. முன்பு அக்குழந்தைகள் அபின் கலந்த கொட்பிரி மருந்தினால் உறங்கவைக்கப்பட்டன. ஊதியம் நின்றபோதே குழந்தைக்குப் பால் கிடைத்தது என்ற இம்முரண்பாட்டை மார்க்ஸ் கசப்பான எள்ளலோடு குறித்துச் செல்கிறார். பசித்த தாயும் பாலூட்ட இயலும். நேரமற்ற தாய் பாலூட்ட இயலாள்.

வேலைக்குச் செல்லும் தாயின்மேற் பழியைச் சுமத்தும் போக்கு அக்காலத்து மருத்துவரிடையே மிகுந்திருந்ததையும் மறத்தலாகாது. பெண்கள் பெரும்பாலும் வெளிவேலைக்குச் செல்லாத டேர்ஹம், தென் வேல்ஸ் ஆகிய நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளிலும் சிசு மரணம் உயர்ந்தே காணப்பட்டது. கழிவகற்றல், குடிநீர், குடியிருப்பு நெருக்கம் ஆகியவற்றை விடுத்துத் தாயை மட்டும் குற்றவாளியாக்குவது நகர நிர்வாகத்துக்கு மலிவான வழியாக இருந்தது.

இக்காலத்திலேயே நீண்ட இறப்பர்க் குழாய்ப் போத்தல் பரவியது. தட்டையான கண்ணாடிக் கலம். அதன் வாயிலிருந்து முழ நீளமுள்ள குழாய். குழாயின் நுனியிற் சூப்பி. இதன் சிறப்பு யாது? போத்தலைப் பிடிக்க ஒருவரும் தேவையில்லை. தொட்டிலிற் குழந்தையின் அருகே வைத்துவிட்டால் அது தானே விரும்பியபோது உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலாந்திலே இளவரசியின் பெயராலும் ‘அம்மா’ என்ற பெயராலும் இவை விற்பனையாகின. குழாயின் உட்புறத்தைத் துலக்க எவராலும் இயலாது. கோடையிற் பால் அதனுட் படிந்து நஞ்சாகியது. வயிற்றோட்டம் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கொண்டுசென்றது. மருத்துவர் இதனைக் ‘கொலைப் போத்தல்’ எனக் கண்டித்தனர். பிரான்சு 1910 ஏப்ரிலில் சட்டத்தினால் இதனைத் தடைசெய்தது. அதன் பின்னரும் பிற நாடுகளில் இது சில காலம் விற்பனையில் இருந்தது. மலிவு மாத்திரம் இதற்குக் காரணமன்று. ஒரு தாயின் இரு கைகளையும் விடுவித்த கருவி அது. அக்கைகளுக்கு வேறு வேலைகள் காத்திருந்தன.

சட்டம் தாய்க்கு அளித்த நேரத்தை நோக்குவோம். பிரசவத்தின் பின்னர் நான்கு வாரங்களுக்குப் பெண்ணைத் தொழிற்சாலையில் வேலைக்கமர்த்தலாகாது என இங்கிலாந்தில் 1891 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வாரங்களுக்கு ஊதியம் இல்லை. சுவிற்சர்லாந்து 1877 இலேயே பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரங்களை விதித்திருந்தது. ஜேர்மனி 1878 இல் மூன்று வாரங்கள். ஊதியமற்ற ஓய்வு வறிய தாய்க்கு ஓய்வன்று, பட்டினி. எனவே சட்டம் மீறப்பட்டது. நான்காம் வாரத்திலேயே கலத்தைக் காணும் குழந்தை பெரும்பாலும் அதனை மறுப்பதில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அக்குழந்தைக்கு மறுப்பதற்கான வயதே வந்திருக்கவில்லை.

5

இறப்பரைப் பற்றிச் சில சொற்கள். நியூயோர்க்கைச் சேர்ந்த இலைஜா பிராற் 1845 இல் இறப்பர்ச் சூப்பிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககால இறப்பர் தீநாற்றமும் கருநிறமும் கொண்டது; குழந்தைகள் அதனை வெறுத்தமையிற் புதுமை இல்லை. நூற்றாண்டின் இறுதியிலேயே மென்மையான, கொதிநீரைத் தாங்கும் சூப்பி கைகூடியது. அதே காலப்பகுதியில் இறப்பர் மரமே இடம்பெயர்ந்தது. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, நாற்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறையிலும் கேகாலையிலும் பால்வெட்டிய பெண்கள், உலகச் சந்தைக்குச் சென்ற அப்பாலினாற் செய்யப்பட்ட பொருட்களுட் சூப்பியும் ஒன்று என அறிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழ், மரத்திலிருந்து வடிவதையும் ‘பால்’ என்றே வழங்குகிறது.

போத்தலினுள் இடப்பட்டதன் வரலாறு நன்கு அறியப்பட்டது, விரிவஞ்சிச் சுருக்குகிறேன். 1838 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் சீமோன் தாய்ப்பாலையும் பசுப்பாலையும் பகுத்தாய்ந்து ஒப்பிட்டார். 1856 இல் போர்டன் கட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றார். 1865 இல் லீபிக் தமது சிசு உணவை அறிவித்தார். 1867 இல் ஹென்றி நெஸ்லே சுவிற்சர்லாந்தின் வெவே நகரிற் பாலும் மாவும் சேர்ந்த உணவை விற்கத் தொடங்கினார். இவற்றுள் உழைக்கும் மக்களிடையே பெரிதும் பரவியது இனிப்பூட்டிய கட்டிப்பாலே. திறந்த தகரத்திலும் சில நாள் கெடாது, விலை குறைவு, பெருமளவு சீனி சேர்ந்தமையாற் குழந்தை விரும்பி ஏற்றது. குழந்தையின் மறுப்பைப் பொறியியலாளர் சூப்பியின் வடிவத்தால் வெல்ல முயன்றனர்; வணிகர் இனிப்பினால் வென்றனர்.

அரசுகளும் இந்நிலையைக் கண்டுகொண்டன. பிரான்சின் பெக்காம் நகரில் 1894 இல் டுபூர் என்ற மருத்துவர் தொடங்கிய ‘பாற்றுளி’ நிலையமும், அதனைப் பின்பற்றி 1899 இல் லங்காஷயரின் சென்ற் ஹெலன்சில் தோன்றிய நிலையமும் தூய்மையாக்கிய பாலை வழங்கின. போவர் யுத்தத்துக்கு ஆள்திரட்டியபோது வறிய இளைஞரின் உடல்நலக் கேடு வெளிப்பட்டமையே ஆங்கில ஆளும் வர்க்கத்தைக் குழந்தைகளின் பக்கம் திருப்பியது. சாம்ராச்சியத்துக்குப் போர்வீரர் வேண்டும். போர்வீரருக்கு முன்னர் குழந்தைகள் பிழைத்திருக்கவேண்டும்.

6

மலாயாவிற் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ எனத் தலைப்பிட்டார். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆபிரிக்காவின் பொற்கரையிற் குழந்தைகளைத் தாக்கிய குவாசியோர்க்கர் என்னும் புரதக்குறை நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தவரும் இவரே. தாய்ப்பாலுக்கு ஈடாக இனிப்புக் கட்டிப்பாலை விளம்பரப்படுத்துவோரின் செயல் கொலைக்குச் சமமானது என அவர் வணிகர் நிறைந்த அவையிலேயே கூறினார். அவருடைய கூற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் பெருங்கவனம் பெறவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் மேலைநாடுகளிற் பிறப்பு வீதம் குறையத் தொடங்கவே பால்மாக் கம்பனிகள் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சந்தைகளில் மேலும் தீவிரமாக நுழைந்தன. அவை கையாண்ட முறை, நாம் இதுவரை கண்ட வரலாற்றைத் தலைகீழாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முலைக்குப் பழகிய குழந்தையைப் போத்தலுக்கு மாற்றத் தாய் போராடினாள். கம்பனிகளோ முலை பழகுமுன் போத்தலைப் பழக்க வழிதேடின. தாதியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள் பிரசவ விடுதிகளுக்குச் சென்றனர். இலவச மாதிரித் தகரங்களும் போத்தல்களும் வழங்கப்பட்டன. முதற் சில நாட்களிற் போத்தலுண்ட குழந்தை முலையை நன்கு உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாத முலையில் சுரப்புக் குறைகிறது. மாதிரித் தகரம் தீரும்போது தாயிடம் பாலும் இல்லை. மறுப்பு இப்போது போத்தலுக்கன்று, முலைக்கு எதிரானதாகியது. தகரத்தை வாங்கும் வசதியற்ற குடும்பம் மாவைக் குறைத்து நீரைக் கூட்டியது, அந்நீரும் தூயதன்று. இவ்வாறு விளைந்ததையே ஜெலிபி என்னும் மருத்துவ அறிஞர் வணிகம் தோற்றுவித்த போசாக்கின்மை எனப் பெயரிட்டார்.

1974 இல் இலண்டனிலுள்ள ‘வறுமைக்கெதிரான யுத்தம்’ என்ற அமைப்பு ‘குழந்தைக் கொலையாளி’ என்ற பிரசுரத்தை வெளியிட்டது. அதனை ஜேர்மன் மொழியில் மேலும் கடுமையான தலைப்போடு வெளியிட்ட சுவிஸ் குழுவினர்மீது நெஸ்லே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976 இற் பேர்ன் நீதிமன்றம் குழுவினருக்குச் சிறு தண்டமே விதித்தது. நிறுவனமும் தன் விளம்பர முறைகளை மீளாய்வு செய்யவேண்டும் என நீதிபதி கூறியமை உலகெங்கும் எதிரொலித்தது. 1977 இல் அமெரிக்காவிற் பகிஷ்கரிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு ஈடான உணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுக்கக்கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

7

இலங்கை 1983 இலேயே தனது ஒழுக்கக்கோவையை வகுத்துக்கொண்டது. கிராமங்கள்தோறும் பரந்துள்ள குடும்பநல மருத்துவிச்சிகளின் சேவையோடு இணைந்து இது அளித்த பயன் சிறிதன்று. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே உண்டனர். பல செல்வ நாடுகளும் எட்டாத தொகை இது.

இவ்வெற்றியே பழைய சிக்கலைப் புதிய வடிவிற் கொணர்ந்துள்ளது. பிறந்த நாள்முதல் முலையை மட்டும் அறிந்த குழந்தை. அதன் தாய்க்கோ வேலைக்குத் திரும்பவேண்டிய நாள் குறிக்கப்பட்டுள்ளது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, தனியார்துறைப் பெண் தொழிலாளிக்குப் பன்னிரண்டு வாரங்களை அளிக்கிறது. அவற்றுட் பிரசவத்துக்கு முன் இரண்டு, பின் பத்து. மூன்றாம் பிள்ளைமுதல் இதன் அரைவாசியே என இருந்த ஏற்பாடு 2018 இலேயே நீக்கப்பட்டது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்குமாறு சுகாதார அமைச்சு கூறுகிறது. பத்து வாரத்தில் வேலைக்கு வருமாறு தொழிற் சட்டம் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதினாறு வாரங்களில் குழந்தை எதனை உண்ணவேண்டும் என்பதை இரண்டும் கூறவில்லை. உறிஞ்சல் விருப்பச் செயலாக மாறும் வயதும் இவ்விடைவெளியிலேயே அமைகிறது.

தாய்மார் தமக்குள்ளே பேணிவரும் அறிவு இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. போத்தலைத் தாய் கொடுத்தல் ஆகாது, அம்மம்மாவோ தகப்பனோ கொடுக்கவேண்டும், தாயின் வாசனை அவ்வறையில் இருத்தலாகாது. பசி முற்றி அழுமுன் கொடுத்தல் வேண்டும். சூப்பியை வெந்நீரிற் காட்டி உடற்சூட்டுக்குக் கொணர்தல் வேண்டும். பிழிந்தெடுத்த தாய்ப்பாலையே முதலில் இடவேண்டும். மறுத்தால் வற்புறுத்தாது நிறுத்தி, சிறிது நேரங் கழித்து மீண்டும் முயலவேண்டும். வேலைக்குச் செல்லும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே தொடங்கவேண்டும். இவை எதுவும் பயன்படாதபோது சிறு கிண்ணமோ கரண்டியோ போதுமானது. உலக சுகாதார தாபனம் நெடுங்காலமாகப் போத்தலைவிடக் கிண்ணத்தையே விதந்துரைத்து வந்துள்ளது. இந்திய மருத்துவமனைகளிற் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடை இன்றும் பயன்படுகிறது. 1989 இல் வகுக்கப்பட்ட பத்துப் படிமுறைகள் சூப்பியை அடியோடு விலக்கின. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் பயனையும் கேட்டையும் தாய்க்கு எடுத்துரைக்குமாறு கூறும் அளவுக்குத் தளர்ந்தது. வேலைக்குச் செல்லும் தாயரின் அனுபவத்துக்கு இடமளித்த மாற்றமாகவே இதனைக் காணத்தோன்றுகிறது.

1919 இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வேலை நாளில் அரைமணி நேரம் வீதம் இருமுறை பாலூட்டும் இடைவேளையைத் தொழிலாளிப் பெண்ணின் உரிமையாக ஏற்றது. நமது சட்டத்திலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு அவ்விடைவேளைகள் உள. வேலைத்தலத்திற் குழந்தைக் காப்பகம் இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லையேல் ஒரு மணி. மலையகத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் கொழுந்து மலைக்கு நடந்து வரும் தூரத்திலாவது இருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து முலைகொடுத்துச் செல்லத் தாயால் இயன்றது. அதன் துப்புரவும் வசதியும் குறித்துக் கூறவேண்டியவை பல. 1978 இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து விடுதி அறைகளில் தங்கி ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களின் நிலை வேறு. பலருடைய குழந்தை ஊரில் அம்மம்மாவிடம் வளர்கிறது. ஒரு மணி நேர இடைவேளை சட்டப்புத்தகத்தில் உண்டு. அந்த ஒரு மணிக்குள் மொனராகலைக்குச் சென்று திரும்பும் வழி எதுவும் இல்லை.